திருப்பி நிறுத்திய வீடு

ஒரு வீட்டைப் பற்றி என் அப்பாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? நாமக்கல்லில் சர்வே இலாகாவில் முப்பது வருஷம் ஊரார் நிலத்தை அளந்தவர். எனக்கு வரன் பார்க்கப் போனபோதுகூட மாப்பிள்ளை வீட்டு வாசல் கிழக்கு என்று தெரிந்த பிறகுதான் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று கேட்டார். நான் டொராண்டோ வந்த நாளிலிருந்து அவருடைய ஒவ்வொரு கடிதமும் ஒரே வரியில்தான் முடியும். புது ஜாகையின் வாசல் எத்திசை என்று எழுதவும்.

எழுபத்தாறாம் வருஷம் நவம்பரில் எங்கள் ஜாகைக்கு நான்கு சக்கரம் இருந்தது. இதை அவருக்கு எப்படி எழுதுவது?

என் கணவர் அழகேசன் மண் பரிசோதனை இன்ஜினியர். மாடிக் கட்டடம் எழும்புவதற்கு முன்னால் நிலத்தில் துளை போட்டு, தாங்குமா தாங்காதா என்று சொல்கிற வேலை. டோர்செட் பார்க்கில் அப்படி அவர் சரி என்று சொன்ன மண்ணில் எழும்பிய கட்டடத்தில்தான் எங்களுக்கு ஒரு ஃபிளாட் பேசியிருந்தது. செப்டம்பர் முதல் தேதி சாவி என்றார்கள். அதை நம்பி ஆகஸ்டிலேயே பார்க்டேல் அறையைக் காலி செய்துவிட்டோம். செப்டம்பரில் வேலைநிறுத்தம் வந்தது. லிஃப்ட் இல்லை, தண்ணீர் இல்லை, சாவியும் இல்லை.

கையில் இருந்தது கோடையில் ஊர் சுற்ற வாங்கிய கேம்பர். பிக்கப் டிரக்கின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஒரு தகரப் பெட்டி. ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்தியதும் கூரையைத் தூக்கிவிட்டால் சுற்றிலும் கான்வாஸ் துணி நிமிர்ந்து, ஆள் நிற்கிற உயரம் வரும். உள்ளே கேஸ் அடுப்பு, ஒரு தட்டு மட்டும் கழுவக்கூடிய தொட்டி, டிரைவர் தலைக்கு மேலே படுக்கை. வாசல் பின்பக்கம். ஜூலையில் ஏரிக்கரையில் இதற்குள் படுத்துக்கொண்டு நான் மகாராணியாக இருந்தேன். அதை மறுக்க மாட்டேன்.

மூன்றே வாரம் என்று சொல்லி, வெக்ஸ்போர்டில் இவரோடு வேலை பார்த்த துரையின் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் வண்டியை நிறுத்தினார். மூன்று வாரம் பன்னிரண்டு வாரமாயிற்று.

குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஈரத்தை முடியாது. வெளியே மழை பெய்தால் துணி நனைந்தது. மழை நின்றால் எங்கள் மூச்சே உள்ளே மழையாகப் பெய்தது. சோறு கொதித்தால் கூரையிலிருந்து சொட்டும். சொட்டாமல் இருக்க மேலே இருக்கும் சின்னக் கதவைத் திறந்தால் ஹீட்டர் கொடுத்த சூடெல்லாம் அது வழியாகப் போய்விடும். மெத்தையின் அடிப்பக்கம் எப்போதும் ஈரம். உப்பு கட்டியாயிற்று, தீக்குச்சி நமத்துப்போயிற்று, அப்பளம் வெல்வெட்டுத் துணி மாதிரி வளைந்தது. துவைத்த புடவை மூன்று நாளானாலும் காயாமல், பெருங்காய வாசனை மட்டும் நன்றாக ஏறியது. மொத்தம் நான்கு எட்டு நடக்கலாம். நடந்தேன், திரும்பினேன், நடந்தேன். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் போக இடமில்லை.

எனக்கு அப்போது ஐந்து மாதம்.

துரையின் மனைவி சாந்தா யாழ்ப்பாணத்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் வேலைக்குப் போகும்போது தகரத்தைத் தட்டி, ஹோலில், அதாவது கூடத்தில், வந்து படுக்கச் சொல்லிவிட்டுப் போவாள். மூன்று பிள்ளைகள், கீழே வாடகைக்காரர்கள் என்று அந்த வீடே பிதுங்கிக்கொண்டிருந்தது. ஒண்ட வந்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். குளியலறைக்குப் போய்வருவதற்கே நான் கூனிக் குறுகிப் போனேன். பிடிவாதத்தில் நான் அப்பாவுக்குப் பிறந்தவள்தான்.

அந்த அப்பாதான் அக்டோபரில் எழுதினார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும், டிசம்பர் முதல் வாரத்தில் புறப்பட்டு வா என்று. கடிதத்தை இவரிடம் நீட்டினேன். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து டிசம்பர் நான்காம் தேதிக்கு டிக்கெட் பதிவு செய்துவிட்டு வந்தார். நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்ய வேண்டுமாம்.

நான் போகட்டுமா என்று கேட்டேன். உன் இஷ்டம் என்றார். சொல்லிவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு கான்வாஸ் கிழிசலை ஒட்டப் போய்விட்டார்.

அந்த 'உன் இஷ்டம்' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் இந்த ஈரத்திலேயே ஊறிக் கிடப்பேன். போ என்று சொன்னால் சண்டை போட்டுவிட்டாவது போவேன். இரண்டும் இல்லாமல் மனிதர் ஸ்பாஞ்சால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தையோடு நான் திரும்பி வர ஒரு வருஷம் ஆகும். அதற்குள் இவருக்கு நான் இல்லாமல் பழகிவிடும் என்று பயந்தேன். ஏற்கெனவே பழகிவிட்டதோ என்றும் பயந்தேன்.

இதற்கு நடுவில் அப்பாவின் கேள்வி. பொய் எழுத எனக்கு மனசில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரைப் பிடித்து, வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். தெரு மேற்கே இருந்தது. முகத்தை முன்னால் விட்டு நுழைந்தால் பின்வாசல் மேற்கு. ரிவர்ஸில் நுழைந்தால் கிழக்கு. இவர் நெற்றியைச் சுருக்கினார். இந்த ஊரில் விடாத மழை கிழக்கே ஏரிப் பக்கத்திலிருந்துதான் வரும், வாசலை அதற்கு எதிரே காட்டக் கூடாது என்றார். உங்களுக்கு மண்ணைப் பற்றித்தான் தெரியும், காற்றைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். வண்டியில் ஏறித் திருப்பி நிறுத்தினார். அன்றைக்கே எழுதினேன்: கிழக்குப் பார்த்த வாசல். ஒரு சொட்டுப் பொய் இல்லை.

அடுத்த புதன்கிழமை அந்த மழை வந்தது. உறுதி செய்ய இன்னும் இரண்டே நாள்.

இவர் துரையின் காரில் வேலைக்குப் போயிருந்தார். சாந்தா ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பத்து மணிக்குக் காற்று கிழக்கே திரும்பியது. முதலில் கதவின் அடி வழியாகத் தண்ணீர் வந்தது. பிறகு வாசல் பக்கத்துக் கான்வாஸ் மூச்சு வாங்குவதுபோல் உள்ளே உப்பி வெளியே போயிற்று. இவர் ஒட்டிய டேப் நாக்கை நீட்டியது. பதினொன்றுக்கு மெத்தை முழுக்க நனைந்துவிட்டது. மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார்மேல் என்று பார்த்தால், திருப்பச் சொன்னவள் நான்தான்.

ஹீட்டரையும் கேஸையும் அணைத்தேன். இவர் காட்டிக்கொடுத்தபடி நான்கு மூலைக் கொக்கியையும் விடுவித்து, வாரைப் பிடித்து முன்பக்கம் கொஞ்சம், பின்பக்கம் கொஞ்சமாகக் கூரையை இறக்கினேன். இறக்கியதும் உள்ளே நிற்க முடியவில்லை. குனிந்தபடியே வெளியே வந்து, மழையில் ஓடி, டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். சாவி என் கையில் இருந்தது.

கோடையில் ஒரு காலி மைதானத்தில் இவர் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டச் சொல்லிக்கொடுத்திருந்தார். லைசென்ஸ் கிடையாது. ஆனால் கணக்கு சுலபமாக இருந்தது. வண்டியின் முகம் தெருவைப் பார்த்துத்தான் நிற்கிறது. நேராக வெளியே போய், வலது பக்கமாகவே திரும்பித் திரும்பி ஒரு சுற்றுச் சுற்றி, முகத்தை விட்டு நேராக உள்ளே வர வேண்டும். வாசல் மேற்கே போய்விடும். ஐந்து நிமிஷ வேலை.

வெக்ஸ்போர்டில் தெரு போட்டவர்கள் வலது பக்கம் திரும்பினால் வீடு வரும் என்று எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. தெருக்கள் வளைந்து வளைந்து போய், என்னை லாரன்ஸ் அவென்யூவில் தள்ளிவிட்டன. பின்னால் பஸ், முன்னால் லாரி. இடது பக்கம் திரும்பப் பயம், நிற்கவும் பயம். நேராகப் போய்க்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். எனக்குக் குளிரவில்லை. காலடியில் வண்டியின் ஹீட்டர் சூடாக ஊதிக்கொண்டிருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு என் பாதம் காய்ந்தது. முதுகுக்குப் பின்னால் என் சமையலறை, என் புடவைகள், பாஸ்போர்ட், டிக்கெட் சீட்டு எல்லாம் என்னோடு வந்துகொண்டிருந்தன. சாலை நேராகப் போயிற்று. இப்படியே போய்விடலாம் என்று தோன்றியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாகவே தோன்றியது. மூன்று சிக்னல் வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. நான்காவது சிக்னலில் இவர் சாயங்காலம் வந்து அந்தச் சந்தில் நிற்பதை நினைத்தேன். ஒரு பெட்ரோல் பங்குக்குள் நுழைந்து, ஒரு முழு வட்டம் அடித்து, வந்த வழியே திரும்பினேன். இடது பக்கமும் திரும்பினேன். ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும்.

சந்துக்குள் முகத்தை விட்டபோது, வண்டி நின்ற இடத்தில் இவர் நின்றுகொண்டிருந்தார். மழையால் வேலையை நிறுத்தி அனுப்பிவிட்டார்களாம். குடையில்லை, தொப்பியில்லை. கையில் ஒரு புது டேப் சுருள். பிரேக்கை மிதித்த மிதியில் வேலிக் கட்டை ஒன்று முறிந்தது. இவர் வேலியைப் பார்க்கவே இல்லை.

கதவைத் திறந்தேன். இவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ போயிட்டியோன்னு நெனச்சேன்."

"போறவ வீட்டையுமா தூக்கிட்டுப் போவா?"

இவர் சிரிக்கவில்லை. கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"போகாதே கோமளா."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இதை ஒரு மாதம் முன்னால் சொல்வதற்கென்ன என்று கேட்டேன்.

"உன்னை இந்த ஈரத்துக்குள்ள வெச்சுக்கிட்டு எந்த வாயால சொல்றது? அதான் டிக்கெட் போட்டேன். தினமும் நீயே போக மாட்டேன்னு சொல்லுவியான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"நீங்க வாயத் திறக்காம நான் எதைக் கேக்கறது?"

இரண்டு பேரும் மழையில் நின்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். வாசல் இப்போது மேற்கே பார்த்து, நல்ல பிள்ளையாக, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது. ஆனால் கூரையைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே படுக்க ஓர் அடிகூடக் காய்ந்த இடம் இல்லை.

மூன்றரைக்குச் சாந்தா வந்தாள். முறிந்த வேலியைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள்.

"பன்னிரண்டு கிழமையாச் சொல்லுறன். பிள்ளைத்தாச்சி உதுக்குள்ள கிடக்கக் கூடாது. உள்ளுக்கு வாரும்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் 'உன் இஷ்டம்' கேட்கத் தயாராக இல்லை. ஆனால் அவரே என் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். சாந்தாவின் பின்னாலேயே பக்கவாட்டுக் கதவு வழியாகச் சமையலறைக்குள் போனோம். அவள் என்னை ஹீட்டர் பக்கத்தில் உட்கார்த்தி, தன் கம்பளிக் காலுறையை என் காலில் மாட்டிவிட்டாள். ஒண்ட வந்தவள் என்ற நினைப்பு வந்தது. வந்து, தேநீர் குடிக்கும்வரை இருந்து, போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் இவர் துரை வீட்டுப் போனிலிருந்தே டிக்கெட்டை ரத்து செய்தார். பெயரை எழுத்துக் கூட்டி, சத்தமாக, நான் கேட்கும்படி.

அன்று மத்தியானம் அப்பாவுக்கு எழுத உட்கார்ந்தேன். தாள் ஈரமாக இல்லாததால் பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. சென்ற கடிதத்தில் கிழக்கு என்று எழுதியது ஒரு லாரியின் பின்பக்கத்தைப் பற்றி என்பதை முதலில் எழுதினேன். ஃபிளாட் இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதினேன். 'இப்போது இருக்கும் வீட்டில் நாங்கள் புழங்கும் பக்கவாசல் தெற்கு. நீங்கள் திட்டுவீர்கள். ஆனால் கால் காய்ந்திருக்கிறது அப்பா. பிரசவம் இங்கேயே பார்த்துக்கொள்கிறேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.'

எழுதி முடித்து இவரிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். என் பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்.

'போகாதே என்று சொன்னது நான்தான் மாமா.'