கீழே வந்த ஒன்பதாம் வகுப்பு

மாதம் ஒருமுறை பிரதமர் வானொலியில் பேசும்போது, ஊத்துக்கோட்டை பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் இஜாஸ் சத்தத்தைக் கூட்டிவிடுவான். அவன் மனைவி ரமீஸா அதைக் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை. அன்று மட்டும், பக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நடக்க முடியாத எந்தப் பிள்ளையும் பள்ளிக்கு வெளியே இருக்கக் கூடாது, இந்த ஆண்டு அரசின் முதல் வேலை அதுதான் என்று தமிழில் மொழிபெயர்த்த குரல் சொல்லிற்று.

அவள் மகள் பர்ஹானா சக்கர நாற்காலியில் போகிறவள். எட்டாவது வரை கீழ்த்தளத்திலேயே படித்தாள். ஒன்பதாம் வகுப்பு மாடியில். பள்ளி திறந்ததிலிருந்து வீட்டில்தான் இருந்தாள்.

மறுநாளே ரமீஸா தலைமையாசிரியை காயத்ரியைப் பார்த்தாள்.

"ரேடியோவுல நானும் கேட்டேன்மா. ஆனா எங்களுக்கு ஆர்டர் வரணுமே. சாய்தளம் கட்டப் பணம் வரணும்."

"அதுவரிக்கும் வகுப்பைக் கீழ எறக்கக் கூடாதா டீச்சர்?"

"ஒன்பதாவதுல பசங்க ஜாஸ்தி. ஸ்டாஃப் ரூமைத் தவிர கீழ எந்த ரூமும் பத்தாது."

ரமீஸா திருவள்ளூருக்கு பஸ் ஏறிப் போய் கலெக்டர் அலுவலகத்தில் மனுவும் கொடுத்துவிட்டு வந்தாள். பதில் வரவில்லை. அதற்குள் பிரதமரின் அடுத்த பேச்சு வந்துவிட்டது. இந்த முறை முழுக்க மழைநீர்ச் சேமிப்பு.

"உன் விஷயம் போன மாசத்தோட முடிஞ்சுபோச்சு. சும்மா பேஜாரு பண்ணிக்கினு அலையாத" என்றான் இஜாஸ்.

"அவரு அடுத்ததுக்குப் போயிட்டாரு. நான் போவல."

உள்ளேயிருந்து பர்ஹானா கூப்பிட்டாள். "உம்மா, நாளைக்கு என்னை ஸ்கூல்ல கொண்டுபோய் வுடு. மாடிக்கு வேணாம். படிக்கட்டுக்குக் கீழயே இருக்கேன்."

சீருடை போட்டு, மடியில் புத்தகத்தை விரித்து, படிக்கட்டுக்கு அடியில் அவள் காத்திருந்தாள். மேலே பாடம் நடக்கும் சத்தம் கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. ரமீஸா வாசல் கேட்டருகே நின்றாள். அழுகை முட்டியது. ஆனாலும் மகளை அழைத்துக்கொண்டு போகவில்லை.

காயத்ரி வந்து, "இன்னாம்மா இது, பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?" என்றாள்.

"நான் பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டேன் மிஸ். பாடம் நடத்தச் சொல்லுங்க" என்றாள் பர்ஹானா.

அந்த வாரம் முழுக்க வந்தாள். வெள்ளிக்கிழமை கணக்கு ஆசிரியர் சுப்பிரமணி பொறுக்க முடியாமல் சாக்பீஸோடு இறங்கி வந்தார். பின்னாலேயே மொத்த வகுப்பும் இறங்கி வராந்தாவில் உட்கார்ந்தது. அந்தக் கூச்சலில் மற்ற வகுப்புகளில் பாடம் நின்றது. ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள்.

"அப்போ ஸ்டாஃப் ரூமைக் காலி பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டு, சுப்பிரமணி தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு மாடியேறினார். பிறகு காயத்ரி, "சரி, எல்லார் சாமானையும் மேல ஏத்துங்க" என்றாள்.

அந்த அறை வாசலில் உயரமான ஒரு படி இருந்தது. இஜாஸ் சிமெண்ட் மூட்டையும் கொத்தனாருமாக வந்து சரிவு போட்டுக் கொடுத்தான். காய்ந்ததும் பர்ஹானா நாற்காலியை உருட்டினாள். பாதியிலேயே சக்கரம் பின்னால் சறுக்கியது. தள்ளிவிட ஓடிவந்த இஜாஸைத் தடுத்துவிட்டாள்.

"ரொம்ப செங்குத்தாக்கீது வாப்பா. ஒடச்சுட்டு நீட்டமா போடு."

உடைத்து மறுபடி போட்டான். திங்கட்கிழமை அவள் தானாகவே ஏறி, முதல் வரிசையில் போய் நாற்காலியை நிறுத்தினாள்.

அரசாங்க ஆர்டர் இன்னும் வரவில்லை. மகளை விட்டதும் ரமீஸா வீட்டுக்குத் திரும்பவில்லை. நேரே காயத்ரியின் அறைக்குப் போனாள்.

"டீச்சர், பாத்ரூம் வாசல்லயும் ஒரு படி கீது."