முன்சக்கரத்துக்குச் சந்தனம்

என் பிக்கப்பின் முன்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் ஹப் இரண்டும் தானியங்கி. அதாவது, நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமா, பின்சக்கரங்கள் மட்டும் போதுமா என்பதை அவையே முடிவு செய்யும். தார் ரோட்டில் மிகச் சரியாக முடிவு செய்தன. சதுரங்கப்பட்டினத்து மணலில், பின்னால் படகைக் கட்டியதும், இரண்டும் சேர்ந்து மதிய உணவு இடைவேளை விட்டன.

இப்படி இரண்டு முறை ஆனது. குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் செங்கல்வராயன் பெரிய மனதோடு மூன்றாவது வாய்ப்புக் கொடுத்தார்.

"வெள்ளிக்கெழம வா, இஞ்சினீரே. பெரிய ஃபைபர் போட்டு ஒண்ணு, மெஷினோட கீது. தண்ணிலேர்ந்து மேட்டுக்கு இஸ்த்துட்டேன்னா வருசம் பூரா உன் வண்டிதான். இல்லாங்காட்டி டிராக்டருக்குச் சொல்லிடுவோம்."

இழுக்காவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்பதும் முடிவாகியிருந்தது. அச்சரப்பாக்கத்தில் என் அக்கா சகுந்தலா, வண்டியை வாங்க ஓர் ஆளும், எனக்கு ஒரு பெண்ணும் பார்த்து வைத்திருந்தாள். வாங்குகிறவரின் தங்கைதான் பெண். ஒரே பயணத்தில் இரண்டு வேலை முடியும். அக்கா எப்போதும் சிக்கனம்.

என் மனைவி சுஜாதா இறந்து அப்போது பதினோரு மாதம். காய்ச்சல். நான்கு நாள். இரண்டாயிரத்து இரண்டில் இந்த வண்டியை ஏலத்தில் எடுக்கச் சொன்னது அவள்தான். இருபது பேர் ஒரு படகைத் தோள் கொடுத்துத் தள்ளுவதைப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கல் படித்த புருஷன் எதற்காவது பயன்படட்டும் என்று நினைத்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர், வண்டி என்ன விலைக்குப் போகும் என்றும் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை வண்டியைச் செங்கல்பட்டில் ஆபிரகாம் பட்டறையில் விட்டேன். அவர் முன்சக்கரத்தைக் கழற்றிப் பேரிங்கை வெளியே எடுத்தார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து பால் விட்ட காபி போல ஒன்று வழிந்தது.

"இன்னா சாரு, கடல்ல எறக்கினியா?"

"போட்டு அங்கதான இருக்கு?"

"அதுக்கோசரம் வண்டியும் மீன் புடிக்கணுமா?"

பழைய பேரிங், சீல், தானியங்கி ஹப் எல்லாம் வெளியே போயின. புதிதாக வந்தது கையால் திருப்பும் ஹப். நடுவில் ஒரு திருகு, அதில் 'லாக்', 'ஃப்ரீ' என்று எழுத்து. ஒரு பக்கம் திருப்பினால் சக்கரம் அச்சோடு பூட்டிக்கொள்ளும். மறுபக்கம் திருப்பினால் சும்மா உருளும். அதற்கு ஒருவர் வண்டியிலிருந்து இறங்கிக் குனிய வேண்டும். இதற்கு முன்னேற்றம் என்று பெயர்.

ஆபிரகாம் உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி நிரப்பினார். நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுழற்றி, ஒரு மயிரிழை தளர்த்தினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"ரெண்டு பக்கமும் பூட்டணும் சாரு. ஒரு பக்கம் வுட்டுட்டா, பவரு பூரா அந்தப் பக்கத்து ராடுல சும்மா சுத்திகினு வீணாப்பூடும். முன்னால ரெண்டு சக்கரமும் இழுக்காது. புரிஞ்சுதா?"

"நான் படிச்சிருக்கேன், ஆபிரகாம்."

"அதான் கேக்குறேன்."

வெள்ளி காலை என் டிரைவர் முனிசாமி வண்டியைத் திருப்போரூருக்கு ஓட்டிப் போனார். வண்டியில் புதிதாக எதை மாட்டினாலும் பூஜை போடுவது அவர் வழக்கம். ஒருமுறை வைப்பர் பிளேடுக்குப் போட்டிருக்கிறார். மதியம் நேராகக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். வண்டியில் மாலை. இரண்டு ஹப்பிலும் விரல் கனத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். திருகும் தெரியவில்லை, அதன் எழுத்தும் தெரியவில்லை. ஈசிஆர் காற்றில் சந்தனம் சிமெண்ட் போல இறுகியிருந்தது.

"ரெண்டையும் பூட்டிட்டீங்களா?"

"கோயில்லயே பூட்டிட்டேன் சார். சந்தனம் கலையாத, பதமா."

நான் குனிந்து பார்க்கவில்லை. ஜெயித்தால் வேலை, தோற்றால் கல்யாணச் சாப்பாடு. இரண்டுக்கும் எனக்குப் பசியில்லை.

தனகோடி என்கிற இளவட்டம் படகிலிருந்து கயிற்றை இழுத்துவந்து வண்டியின் கொக்கியில் மாட்டினான். குப்பமே வந்து நின்றது. நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கியரைப் போட்டேன். கயிறு விறைத்தது. முன்சக்கரங்கள் அசையவில்லை. பின்சக்கரங்கள் மட்டும் ஆவேசமாக மணலைத் தோண்டின.

"இன்னா இஞ்சினீரே, கெணறு வெட்டுறியா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

மீன் கூடையோடு நின்ற, வேண்டா என்கிற பெண்ணும் சும்மா இருக்கவில்லை. "தண்ணி வந்தா சொல்லு நைனா, கொடம் எடுத்தாறேன்."

செங்கல்வராயன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து செல்ஃபோனை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிராக்டர்காரனின் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

நான் இறங்கினேன். ஏன் என்று தெரியவில்லை. பதினோரு மாதமாக, நடப்பதை வேடிக்கை பார்ப்பதுதான் எனக்கு நன்றாக வந்த தொழில். இடது சக்கரத்தருகே மண்டியிட்டுச் சந்தனத்தைச் சுரண்டினேன்.

முனிசாமி பதறி ஓடிவந்தார். "சார், சார்! சாமி சந்தனம் சார்! மூணு நாளைக்குக் கை வைக்கக்கூடாதுன்னாரு குருக்கள்!"

"போட்டும் மூணு நாள் நிக்குமா?"

கட்டை விரல் நகம் கிழிந்தது. குங்குமம் எது, ரத்தம் எது என்று ஆராயவில்லை. திருகின் எழுத்து தெரிந்தது. முனிசாமியின் பதத்துக்கு அது பாதி வழிதான் நகர்ந்திருந்தது. அதற்கு மேல் சந்தனம் மட்டும் திரும்பியிருக்கும். மீதியைத் திருப்பினேன். உள்ளே 'டக்' என்றது. ஓடிப்போய் வலது பக்கத்தையும் சுரண்டிப் பார்த்தேன். அது பூட்டியிருந்தது.

"தலைவரே, ஃபோனை வைங்க. இன்னொரு தபா."

"உன்னிஷ்டம். அலை ஏறிகினு கீது, சீக்கிரம்."

பின்சக்கரங்களுக்கு அடியில் தனகோடி பலகை செருகினான். கியரைப் போட்டேன். முன்சக்கரம் இரண்டும் மணலைக் கவ்வின. படகு முனகிக்கொண்டே தண்ணீரை விட்டு வெளியே வந்தது. மேடு வரும்வரை நான் காலை எடுக்கவில்லை. யாரோ விசிலடித்தார்கள்.

செங்கல்வராயன் படகைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"பூசை போட்டதாலதான் ஏறிச்சு. வருசம் பூரா உன் வண்டிதான். வாராவாரம் போட்டுடு."

முனிசாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் என் நான்கு ஆண்டு இன்ஜினியரிங் படிப்பு ஃபெயிலானது.

செய்தியை முதலில் சொல்ல வேண்டியவளுக்குச் சொல்ல வழியில்லை. அடுத்து அக்கா. படகு நிழலில் நின்று ஃபோன் செய்தேன்.

"வருசம் பூராவா? நெசமாவாடா?" அக்கா உடனே கணக்குப் போட்டாள். "அப்ப வண்டிய விக்க வேணாம். பொண்ணு வூட்ல இன்னும் சந்தோசப்படுவாங்க. நெலையான வேலை இல்லியேன்னுதான் இழுத்துகினு இருந்தாங்க."

"வேணாங்க்கா."

"எது வேணாம்? வண்டியா, பொண்ணா?"

"பொண்ணு. நான் இங்கதான் இருக்கப்போறேன்."

"அங்க யாருடா இருக்காங்க உனக்கு?"

நல்ல கேள்வி. பார்வைக்கு வேண்டா இருந்தாள், இரண்டு நாய்கள் இருந்தன. "வண்டி இருக்குக்கா," என்றேன். அக்கா அழுதாள். அழுது முடிக்கும்வரை ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது செங்கல்வராயன் வலை மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"காத்தால நாலு மணிக்கே போட்டுங்க திரும்பிடும். தூங்கிட மாட்டியே?"

"தூங்குறதே இல்லீங்க."

அவர் அதைச் சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொண்டார்.