மூன்று ஜோடிக் கையுறைகள்

கண்ணாடி வெட்டும் பட்டறையில் இருபது பேருக்கும் ஒரே மாதிரிக் கையுறை வாங்க முடிவானது. வெட்டிய கண்ணாடியின் விளிம்பைத் தேய்ப்பவள், கடையிலிருந்து வந்த மூன்று மாதிரிகளையும் மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"ஒரு மாசம் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன் சார்."

"என்ன அண்ணி, கையுறைக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா?" என்று அதே பட்டறையில் கண்ணாடி தூக்கும் கொழுந்தன் கேலி செய்தான்.

தோல் கையுறையை எந்த விளிம்பும் கீறவில்லை. ஆனால் ஈரக் கண்ணாடி அதில் வழுக்கியது. ரப்பர் பூசிய பருத்திக் கையுறை உடும்புப்பிடியாகப் பிடித்தது. பன்னிரண்டாம் நாளே கட்டைவிரல் நுனி கிழிந்துவிட்டது. எஃகு இழை கலந்து பின்னி, உள்ளங்கையில் ரப்பர் தடவிய மூன்றாவது மட்டும் மாதக் கடைசிவரை ஓர் இழைகூடப் பிரியவில்லை.

அவள் மூன்றாவதைச் சொன்னபோது மேலாளர் நம்பவில்லை. "தோலை விடவா உறுதி?"

"நீங்களே தூக்கிப் பாருங்க சார்."

தோல் கையுறையோடு அவர் தூக்கிய ஈரக் கண்ணாடி நழுவியது. மூன்றாவது ஜோடியை மாட்டிக்கொண்டு தயாராக நின்ற அவள் சட்டென்று அடியில் கைகொடுத்துத் தாங்கினாள். கூரிய விளிம்பு அவள் உள்ளங்கையில் அழுந்தியது. கையுறையைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே ஒரு கீறல்கூட இல்லை.

"இதையே வாங்கிடுவோம்மா" என்றார் மேலாளர், வியர்வையைத் துடைத்தபடி.

அடுத்த வாரம் கையுறைப் பெட்டிகளை இறக்க வந்த ஓட்டுநரிடம் கொழுந்தன் உரக்கச் சொன்னான்: "எல்லாம் எங்க அண்ணி சோதிச்சு எடுத்ததுங்க!"

அவள் எந்திரத்திலிருந்து தலை நிமிர்த்தவில்லை. சிரிப்பைத்தான் அடக்க முடியவில்லை.