ஐம்பத்திரண்டு பேர் சீட்டு

என் அம்மா பொய் சொல்ல மாட்டாள். நடுவில் ஒரு வார்த்தையை விழுங்கிவிடுவாள், அவ்வளவுதான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் சென்னைக் கால்சென்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, "இனிமே சீட்டு ஆடித்தாம்மா பொழைக்கப் போறேன்" என்று அவளிடம் உடைத்தே சொன்னேன். நாலு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகை டீக்கடையில் யாரோ விசாரித்தபோது, "எங்க பெரியவளா? சீட்டுல இருக்கறா" என்றாளாம். ஊர் அதைச் சீட்டுக் கம்பெனி என்று எடுத்துக்கொண்டது. ஒரே வருஷத்தில் என்னை மேனேஜராகவும் ஆக்கிவிட்டது. தெருப் பெண்கள் நாலு பேர் வந்து, "பிரபா, எங்களையும் ஒரு சீட்டுல சேத்துக்கோ" என்று கெஞ்சினார்கள். ஆள் சேர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். நானும் யோக்கியம் இல்லை. அந்த மரியாதை எனக்கும் இனிக்கத்தான் செய்தது.

நான் ஆடுவது போக்கர். கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, நடுவில் பந்தயம். முன்பெல்லாம் போனிலேயே ஆடுவேன். சட்டம் வந்து அது நின்றுபோனதும் மாதத்தில் பத்து நாள் கோவா காசினோவுக்குப் போகிறேன். ஒன்பது பேர் உட்காரும் மேசையில் பெரும்பாலும் நான் ஒருத்திதான் பெண். முதல் தடவை போனபோது டெல்லிக்காரன் ஒருவன் என்னைக் காபி கொண்டுவரச் சொன்னான். மூன்று மணி நேரத்தில் அவன் முன்னால் காசுக்குப் பதிலாக அடுக்கியிருந்த சிப் வில்லையெல்லாம் என் பக்கம் வந்துவிட்டது. எழுந்து போனவனிடம், "இப்ப நீயே போயி காபி குடி ராஜா" என்று தமிழிலேயே சொன்னேன். புரிந்ததோ இல்லையோ, முகம் சிவந்தது.

சூது என்று வாய் கூசாமல் சொல்லிவிடுகிறார்கள். நூறு தடவை சீட்டு வந்தால் எண்பது தடவை அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் இந்த வேலை. ஆசையை அடக்கத் தெரியாதவன் சீக்கிரம் காலி. மூன்று மாதம் தொடர்ந்து தோற்றிருக்கிறேன். அப்போதும் ஆடிய ஒவ்வொரு கையையும் நோட்டில் எழுதி, எங்கே முட்டாள்தனம் செய்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். எந்த ஆபீஸ்காரன் அப்படிச் செய்கிறான், சொல்லுங்கள்.

என் தங்கை வசந்தி நர்சு. பொதட்டூர்பேட்டைக் குணசேகரனை விரும்பிக் கட்டிக்கொண்டவள். அவள் மகள் அபிக்கு மூன்று வயது முடிந்ததும் திருத்தணி மலையில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் பார்த்தார்கள். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். எங்களுக்கோ அண்ணன் தம்பி கிடையாது. பெரியப்பா மகன் குமரவேலை அழைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, வசந்தியின் மாமனார் கோதண்டபாணி குறுக்கே விழுந்தார். பத்துத் தறி ஓட்டுகிறவர், அவர் சொன்னால் சொன்னதுதான்.

"சொந்தப் பெரிம்மா இருக்கறப்போ வேற ஆளு இன்னாத்துக்கு? மேனேஜரே மடி குடுக்கட்டும்."

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கல்யாணம் வேண்டாம், பிள்ளை வேண்டாம் என்று நானே எடுத்த முடிவுதான், அதில் வருத்தம் இல்லை. ஆனால் அபி என் மடியில் உட்கார வேண்டும். இது ஒன்று எனக்கு வேண்டும்.

அன்று காலை மலையில் மொட்டை முடிந்து, தலையில் சந்தனம் பூசி, அபியைத் தூக்கிக்கொண்டு வசந்தி நின்றாள். நான் பட்டுப்புடவையில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோதண்டபாணி மாமா ஒரு தடித்த மஞ்சள் கவரோடு முன்னால் வந்தார்.

"பிரபா, நல்ல நாளு, சாமி சன்னிதி. நம்ம தறிக்காரங்க இருவது பேரு சேந்துக்கினு இருக்கறாங்க. ஒங் கம்பெனியில ஒரு சீட்டு போட்டுக் குடு. மொதல் தவணை இந்தா, வாங்கிக்கோ."

பின்னாலிருந்து அம்மா இடுப்பில் கிள்ளினாள். "வாங்கி வெச்சிக்கோடி. அப்பறம் பேசிக்கலாம்."

வாங்கியிருக்கலாம். நாலு நாள் கழித்து ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அதற்குள் அபிக்குக் காது குத்தி முடிந்திருக்கும். கையைக்கூட நீட்டிவிட்டேன். நாள் முழுக்கத் தறியில் நிற்கிறவர்களின் காசு அது. அடுத்தவன் காசை நான் ஜெயித்து வாங்கியிருக்கிறேன், ஏமாற்றி ஒரு ரூபாய் வாங்கியதில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"மாமா, நான் வெச்சிருக்கற சீட்டு வேற."

"எத்தினி பேரு சீட்டு?"

"ஐம்பத்திரண்டு பேரு. அதுல நாலு பேரு ராஜா, நாலு பேரு ராணி."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று.

"சீட்டாட்டமா?"

"ஆங். போக்கர். கோவாவுல ஆடறேன். அதான் என் தொழிலு."

"அய்யோ, முருகா" என்று அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சூதாடி மடியிலயா எங்க வூட்டுப் புள்ள ஒக்காரணும்? ஏந்திரு மொதல்ல! டேய் குமரவேலு, வாடா இங்க!"

நான் அசையவில்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"இந்தக் கவர வாங்கிக்கினு ஓடியிருந்தா நான் மேனேஜர். வேணாம்னு சொன்னா சூதாடியா? நல்லா இருக்குது மாமா உங்க நியாயம்!"

"பொம்பளைக்கு இன்னா திமிரு பாரு!"

"திமிருதான். எட்டு வருஷமா அத வெச்சித்தான் சோறு துன்றேன்."

வசந்தி குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். மாமனார் எதிரில் இதுவரை குரல் உயர்த்தாதவள். அவள் புருஷன் குணசேகரனுக்கோ அந்த நேரம் பார்த்துக் கோபுரத்தின் மேல் பக்தி பொங்கிவிட்டது, அண்ணாந்த தலை இறங்கவே இல்லை. முகம் பார்த்து மனசைச் சொல்வது என் பிழைப்பு. வசந்தி முகத்தைப் பார்த்தேன். குமரவேலிடம் கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளும் அவன் பக்கம்தான் நடந்தாள். தப்பாகப் படித்திருந்தேன். அவனைத் தாண்டி வந்து, அபியைத் தொப்பென்று என் மடியில் வைத்தாள்.

"மாமா, என்ன நர்சுக்குப் படிக்க வெச்சதே இந்தச் சூதாடிதான். எங் கழுத்துல கெடக்கற சங்கிலி அவ ஜெயிச்சது. வேணாம்னா இப்பவே கழட்டித் தரேன். புள்ள மட்டும் இங்கதான் ஒக்காரும்." அவள் குரல் நடுங்கியது. ஆனாலும் முழுசாகச் சொல்லி முடித்தாள்.

ஆசாரி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு கோதண்டபாணி மாமாவையே பார்த்தார்.

"அவர இன்னாத்துக்குப் பாக்கறீங்க? காதப் பாருங்க" என்றேன்.

குத்தினார். அபி போட்ட கூச்சலில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

மாமாவின் சத்தம் இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது. நாலு சொந்தக்காரர் எதிரில் பாதி மானமாவது மிஞ்சட்டும் என்று நினைத்திருப்பார். "சரி, ஆனது ஆச்சி. மீதி ஒரு காதாவது குமரவேலு மடியில குத்தட்டும்" என்றார்.

குமரவேல் நிஜமாகவே பாயில் உட்கார வந்துவிட்டான்.

"நல்ல சீட்டு கையில இருக்கறப்போ மேசைய வுட்டு ஏந்திரிக்கற பழக்கம் எனக்கில்ல மாமா" என்றேன். தேம்பிக்கொண்டிருந்த அபியின் மொட்டைத் தலையை மறுபக்கம் திருப்பி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

"ஆசாரி, அந்தக் காது."