அந்துருண்டைத் தேநீர்

முதலாளியம்மாவின் தம்பிக்கு அந்த உணவகத்தின் சமையலறையில் வைத்த பெயர் எண்பது டிகிரி. பத்து நாள் தேநீர் வகுப்புக்குப் போய்வந்த மனுஷன். "எண்பது டிகிரி! அதுக்கு மேல சுட்டா இலை வெந்து கசந்துடும்!" என்று தெர்மாமீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவார். சீனாவிலிருந்து வரவழைத்த பச்சைத் தேயிலை டப்பாவை யார் தொட்டாலும் அவருக்கு உயிர் போகும். சமையல்காரி தொட்டால் கேட்கவே வேண்டாம். "உன் மிளகாய்க் கை படக்கூடாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஆனால் அந்தத் தேநீருக்கு ஏற்ற சாப்பாட்டை மட்டும் அவள்தான் செய்ய வேண்டுமாம். குடிக்காமலே பொருத்தம் பார்க்க அவள் என்ன ஜோசியக்காரியா? ஆளில்லாத நேரம் பார்த்து இரண்டு கைப்பிடி அள்ளிக் கண்ணாடிப் புட்டியில் ஒளித்துவைத்தாள். தினமும் ஒரு தம்ளர் போட்டுக் குடித்தாள். வறுத்த கடலையின் வாசனை, இளம் பட்டாணியின் ருசி, விழுங்கிய பிறகு தொண்டையில் லேசான இனிப்பு. மிளகாய் பட்டால் எல்லாம் போச்சு. பூண்டும் ஆகவில்லை. பலகாரத்தோடு குடித்தால் வெறும் வெந்நீர். கடைசியில் உப்பும் இஞ்சியும் மட்டும் போட்டு ஆவியில் வேகவைத்த மீன்தான் ஒத்துப்போனது.

அவள் பார்வை சரியில்லை என்று எண்பது டிகிரி, அவள் அள்ளிய மறுநாளே டப்பாவை வீட்டுக்குத் தூக்கிப்போனது தனிக் கூத்து.

இன்று மதியம் பத்திரிகையில் சாப்பாட்டைப் பற்றி எழுதும் ஓர் அம்மா வருகிறார். அவர் நல்லதாக நாலு வரி எழுதினால் இரண்டாவது கடை உண்டு. அந்தக் கடையின் சமையலறை சமையல்காரிக்கு என்று முதலாளியம்மா வாக்குக் கொடுத்திருந்தார். பதினோரு வருஷமாக அடுத்தவர் சொன்னதையே சமைத்து அவளுக்கு அலுத்துவிட்டது. அந்த அடுப்பு வேண்டும், அவ்வளவுதான்.

விருந்தாளி வர அரை மணி இருக்கும்போது எண்பது டிகிரி டப்பாவைத் திறந்தார். அவளுக்குக் குப்பென்று வாடை அடித்தது.

"சார், இதை எங்க வச்சிருந்தீங்க?"

"துணி பீரோவுல. இருட்டு, ஈரம் கிடையாது, காத்துப் படாது. வகுப்புல சொன்ன மாதிரியே."

"அந்துருண்டை நாத்தம் அடிக்குது சார்."

"அது கற்பூர வாசனை! உசந்த ரகத்துல அப்படித்தான் வரும்."

அவர் சட்டையிலும் அதே உசந்த ரகம்தான் வீசியது. பிறகு அந்த மூக்குக்கு என்ன தெரியும்? பக்கத்தில் எது இருந்தாலும் தேயிலை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை வகுப்பில் சொன்னபோது ஐயா தூங்கியிருப்பார்.

முதலாளியம்மா முகர்ந்து பார்த்தார். "அடப்பாவி! இதைக் குடுத்தா அந்தம்மா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போவாங்க. வேற தேயிலை இல்லையா?"

இல்லை. எண்பது டிகிரி பேயறைந்தாற்போல் நின்றார். சமையல்காரிக்குத் தன் கண்ணாடிப் புட்டி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டால் இருக்கிற வேலையாவது மிஞ்சும். திறந்தால் திருடி.

"எங்கிட்ட கொஞ்சம் இருக்கு மேடம். டப்பாவிலிருந்து எடுத்தது."

"திருடினியா?" என்று குதித்தார் எண்பது டிகிரி.

"ஆமா சார்."

முதலாளியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணியைக் காய்ச்சு. அப்புறம் பேசிக்கறேன்."

அந்த 'அப்புறம்' மீன் வேகிற நேரமெல்லாம் அவளைப் பிடுங்கித் தின்றது.

விருந்தாளி ஒரு வாய் குடித்தார், ஒரு துண்டு மீன் தின்றார், மறுபடி குடித்தார். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"இந்த மீனைச் செஞ்சவங்க இந்த டீயைக் குடிச்சிருக்காங்க. பெரிய பெரிய கடையில எல்லாம் சமைக்கிறவங்களுக்கு ஒரு மடக்கு குடுக்க மாட்டாங்க. நீங்க குடுத்திருக்கீங்க. அதைத்தான் எழுதப்போறேன்."

"எங்க கடையில அதுதான் வழக்கம்," என்றார் எண்பது டிகிரி, கூச்சமே இல்லாமல்.

விருந்தாளி போனதும் சமையல்காரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "அப்புறம் பேசறேன்னு சொன்னீங்க மேடம்."

"ஆமா, பேசணும். புதுக் கடைக்கு எத்தனை அடுப்பு வேணும் உனக்கு?"

"நாலு," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியவள், மிளகாய்க் கையாயிற்றே என்று தோளிலேயே துடைத்துக்கொண்டாள்.