ஊக்கைக் கண்டுபிடித்தவர் யார்?

தங்கைக்காக வந்திருந்த பெரியவளுக்கு ரத்தம் கொதித்தது. தேர்வு அலுவலகத்துக் குமாஸ்தா ஒன்பது பொது அறிவுப் புத்தகங்களை மேசையில் விரித்து, ஒன்பதிலும் ஒரே வரியை விரலால் தட்டிக் காட்டினார்.

"பாருங்கம்மா. ஊக்கைக் கண்டுபிடிச்சது மார்த்தா கிரிம்வெல். ஒன்பது புத்தகம் சொல்லுது, நீங்க ஒருத்தர் இல்லைங்கிறீங்க."

"அப்படி ஒரு பொம்பளையே கிடையாது சார்!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியுமா? அந்த மார்த்தாவைப் பெற்றவளே இவள்தானே!

பதிப்பகத்தில் இவள் தொகுக்கும் பொது அறிவுக் களஞ்சியத்தை ஊரே காப்பியடிக்கிறது என்று ஏழு வருடங்களுக்கு முன் முதலாளி தாம்தூம் என்று குதித்தார். "உள்ளே ஒரு பொய்யை வைம்மா. அது எவன் புத்தகத்துல வருதோ அவன் திருடன்" என்றார். இவளும் அறை மின்விசிறியில் எழுதியிருந்த கிரிம்வெல்லை எடுத்து, முன்னால் ஒரு மார்த்தாவை ஒட்டி, ஊக்கை உண்மையில் கண்டுபிடித்த வால்டர் ஹன்ட் இருந்த இடத்தில் உட்கார வைத்தாள். எட்டுத் திருடர்கள் மாட்டினார்கள். முதலாளி ஒருவர்மேலும் வழக்குப் போடவில்லை. எப்படிப் போடுவார்? விளையாட்டுப் பகுதி முழுவதையும் அந்த எட்டுப் பேரிடமிருந்துதானே அவர் சுட்டிருந்தார்! மார்த்தா மட்டும் வருடா வருடம் ஜம்மென்று அச்சேறினாள்.

இந்த வருடம் அரசு வேலைக்கான தேர்வுத் தாளிலேயே வந்துவிட்டாள். மனப்பாடம் செய்தவர்கள் எல்லாரும் மார்த்தாவுக்கு மார்க் வாங்கினார்கள். இவளுடைய தங்கை சின்னவள் மட்டும் ஹன்ட் என்று குறித்தாள். என்றோ பாத்திரம் தேய்க்கும்போது அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை அவளுக்கு நினைவிருந்தது. ஒரே ஒரு மார்க்கில் வேலை போயிற்று. வயது வரம்புப்படி அதுதான் அவளுக்குக் கடைசித் தேர்வு.

"ஊருக்கெல்லாம் பொய்யைச் சொல்லிட்டு, எனக்கு மட்டும் எதுக்குக்கா உண்மையைச் சொன்ன?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவள்தான். மூன்று நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை.

குமாஸ்தா புத்தகங்களை மூடினார். "இன்டர்நெட்டு, வெளிநாட்டுப் புத்தகம் எதுவும் ஆதாரமாச் செல்லாதும்மா. எங்க பட்டியல்ல இருக்கிற புத்தகத்துல அச்சாகியிருக்கணும். விடை தப்புன்னு மனு கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்." பட்டியலின் முதல் வரியிலேயே இவள் தொகுத்த களஞ்சியம் பல்லை இளித்தது.

நேரே முதலாளி அறைக்குப் போனாள். "அது நாம வச்ச பொய்னு ஒரு கடிதம் கொடுங்க சார்."

"விளையாடுறியா? நம்ம புத்தகத்துல பொய் இருக்குன்னு நாமளே சொன்னா மானம் போயிடும்."

"என் தங்கச்சிக்கு வாழ்க்கையே போயிடுச்சு."

"நாலு பேர் மாதிரி அவளும் நம்ம புத்தகத்தைப் படிச்சிருக்கலாம்ல?" என்றார் அந்த மனிதர், கூசாமல்.

பாவி! மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து அவர் மண்டையில் போடலாமா என்று கை துறுதுறுத்தது. அடுத்த நொடியே ஆத்திரம் இவள் பக்கம் திரும்பியது. சொன்னது அவர்; எழுதியது யார் கை? ஏழு வருடம் ஒவ்வொரு பதிப்பிலும் மார்த்தாவைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார்?

அன்றைக்குத்தான் புதுப் பதிப்பு அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. இவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பக்கமும் நகராது. இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தை எடுத்து மார்த்தாவைப் பேனாவால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் வேறு வரிகளை எழுதினாள். கையெழுத்துப் போட்டு, தானே கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம், பசை காயாத முதல் பிரதியோடு தேர்வு அலுவலகத்துக்குப் போனாள். சின்னவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"ஊக்கைக் கண்டுபிடித்தவர் வால்டர் ஹன்ட். மார்த்தா கிரிம்வெல் என்று இதுவரை அச்சிட்டது பொய். பிறர் காப்பியடிப்பதைப் பிடிக்க நாங்கள் வேண்டுமென்றே இட்டுக்கட்டியது." நிமிர்ந்தார். "யாரும்மா இப்படிப் பொய் எழுதினது?"

"நான்தான். மனுவை வாங்கிட்டு முத்திரை குத்துங்க."

அவர் குத்தினார். இத்தனை நாளுக்குப் பிறகு சின்னவள் வாயைத் திறந்தாள். "அக்கா, இது தெரிஞ்சா உன் வேலை போயிடாதா?"

"காலையிலேயே போயிடுச்சு. நீ ரசீதை வாங்கு."