மீட்டர் ஊசியில் செம்மண்

தெருவில் எல்லோரும் அவரை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். போலீஸ் என்று பயந்துவிட வேண்டாம். வீடு வாங்கப் போகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்துச் சொல்கிறவர். கூரை, குழாய், வயரிங், சுவர் ஈரம் என்று ஒன்று விடாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். கரையானை மட்டும் பார்க்க மாட்டார். அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் அதைப் பொடி எழுத்தில் போட்டும் வைத்திருப்பார். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்!

முன்பெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். யாரோ கேட்டார்களே என்று ஒரு வீட்டில் "கரையான் இல்லை" என்று வாயை விட்டு, இரண்டு வருஷம் கோர்ட் படி ஏறி இறங்கினார். பட்டது போதும் என்றாகிவிட்டது. அதற்கென்று படித்தவன் தனியாக இருக்கிறான், எல்லாவற்றையும் ஒருத்தனே பார்த்தால் ஒன்றும் உருப்படாது என்று பேச ஆரம்பித்தார். பேச்சில் நியாயமும் இருந்தது. கேட்டவர்களிடம், கரையான்காரனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்பார். கேட்காதவர்களிடம் மூச்சு விடமாட்டார்.

இன்று காலை பத்து மணிக்கு ஈரம் பார்க்கும் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வேலைக்கும் பிறகு அதன் இரண்டு ஊசிகளையும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து வைப்பது வழக்கம். எப்போதும் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள்தான் உதிரும். இன்று செம்மண் உதிர்ந்தது.

நேற்று அவர் சோதித்தது தங்கை வாங்கப் போகும் வீடு. ஸ்டோர் ரூம் கதவு நிலையை ஒட்டி, பென்சில் தடிமனுக்கு ஒரு மண் கோடு மேலே ஏறியிருந்தது. கண்ணில் படத்தான் பட்டது. அதன் மேலேயே மீட்டரை வைத்து அழுத்தி, "ஈரம் அதிகம்" என்று எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். இத்தனை வருஷப் பழக்கம். கண் பார்க்கும், கை எழுதாது.

பதினோரு மணிக்குப் பத்திரப் பதிவு. தங்கைக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. வாடகை வீடு வாடகை வீடாக மூட்டை கட்டிக் கட்டியே சலித்துப்போனவள், பாவம். அரக்கப்பரக்க வண்டியை எடுத்தார். வெறும் மண்ணாகக்கூட இருக்கலாமே என்று ஒரு சிக்னலில் தோன்றியது. கரையான்காரனை அவளே கூப்பிட்டிருப்பாள் என்று அடுத்த சிக்னலில் தேற்றிக்கொண்டார். மூன்றாவது சிக்னலில் ஒன்றும் தோன்றவில்லை, ஹாரனை அடித்தார்.

பதிவு அலுவலகத்தில் தங்கை பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். வீட்டை விற்கிறவர் எதிரில் இருந்தார். கரையான்காரன் வந்து பார்த்தானா என்று இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்கக் கேட்டார். தங்கை சிரித்தாள். வருகிறேன் என்றவனை அவள்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அண்ணனே பார்த்த வீட்டை இன்னொருத்தன் வேறு பார்க்கணுமா என்று இப்போதுதான் விற்கிறவரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தாளாம்.

"கையெழுத்துப் போடாதே. ஸ்டோர் ரூம்ல கரையான் இருக்கு" என்றார்.

விற்கிறவர் யாருக்கோ போன் பேசுவதுபோல எழுந்து வெளியே போனார்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள் தங்கை.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"நேத்தே பார்த்தேன்மா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"யாராவது கேட்டாத்தான் சொல்றது... அப்படியே பழகிடுச்சு."

அவள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். அவருடைய அறிக்கையை இரண்டாக மடித்துப் பைக்குள் போட்டாள்.

"உன்கிட்டயும் கேக்கணும்னு எனக்குத் தெரியாதுண்ணா" என்றாள்.